காலையில் குறையும் காற்று எங்கே போகிறது?

வண்டியிலேயே படுக்கை, சமையலறை, தண்ணீர்த் தொட்டி என்று ஒரு வீட்டையே ஏற்றிக்கொண்டு போகும் மோட்டார் ஹோம்காரர்களுக்குப் பழகிப்போன குழப்பம் இது. 30 டிகிரி வெப்பத்தில் டயரில் சரியாக 80 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) அடித்துக்கொண்டு கிளம்புகிறார்கள். குளிர்ப் பகுதியில் போய் இரவு தங்குகிறார்கள். மறுநாள் விடியற்காலை, வெளியே 5 டிகிரி. அழுத்தத்தை அளக்கும் கேஜ் வைத்தால் 72 காட்டுகிறது. வால்வில் சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தால் ஒரு குமிழிகூட வரவில்லை.

காற்று எங்கும் போகவில்லை. உள்ளேயேதான் இருக்கிறது, கொஞ்சம் சோர்ந்துபோய். டயரின் உட்சுவரில் காற்று மூலக்கூறுகள் ஓயாமல் மோதுவதைத்தான் அழுத்தம் என்கிறோம். குளிர்ந்தால் அவற்றின் வேகம் குறைகிறது, மோதலின் பலமும் குறைகிறது.

பிரான்சைச் சேர்ந்த கியோம் அமொந்தோன் 1700-களின் தொடக்கத்திலேயே இதை அளந்து பார்த்தார். அடைபட்ட காற்றைச் சூடாக்கினால் அழுத்தம் கூடுகிறது என்பதோடு அவர் நிற்கவில்லை. தொடக்கத்தில் எவ்வளவு அழுத்தம் இருந்ததோ, அந்த விகிதத்தில்தான் கூடுகிறது என்றும் கண்டார். பள்ளிப் பாடங்களில் இந்த விதி பெரும்பாலும் பின்னால் வந்த பிரெஞ்சு விஞ்ஞானி கே-லுசாக் பெயரில் வருகிறது. அமொந்தோனுக்கு அதிர்ஷ்டம் போதவில்லை.

அந்த ‘விகிதம்’தான் இங்கே முக்கியம். கார்க்காரர்கள் சொல்லும் ஒரு கணக்கு உண்டு: வெப்பநிலை ஐந்தாறு டிகிரி மாறினால் 1 பிஎஸ்ஐ மாறும். 32 பிஎஸ்ஐ கார் டயருக்கு அது சரி. அதையே 80, 100 என்று அடிக்கும் பெரிய டயருக்கும் வைத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம்.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். கேஜ் காட்டுவது முழு அழுத்தம் அல்ல. வெளிக் காற்றைவிட உள்ளே எவ்வளவு அதிகம் என்பதை மட்டுமே அது சொல்லும். கடல் மட்டத்தில் வெளிக் காற்றின் அழுத்தம் சுமார் 14.7 பிஎஸ்ஐ. ஆக 80 காட்டும் டயருக்குள் உண்மையில் இருப்பது 94.7. வெப்பநிலையை கெல்வினில் எழுதினால் (செல்சியஸோடு 273 கூட்டினால்) 30 டிகிரி என்பது 303, 5 டிகிரி என்பது 278. 94.7-ஐ 278-ஆல் பெருக்கி 303-ஆல் வகுத்தால் 86.9 வரும். அதில் 14.7 போனால் மிச்சம் 72.2. அதாவது 10 டிகிரிக்கு 3 பிஎஸ்ஐக்கு மேல் போகிறது, கார் டயரைப் போல இரண்டு மடங்கு.

போன இடம் 2,000 மீட்டர் உயர மலை என்றால் இன்னொரு வேடிக்கை. அங்கே வெளிக் காற்றே சுமார் 11.5 பிஎஸ்ஐதான். அதே டயர், அதே 5 டிகிரியில் 75 காட்டும். குளிர் இறக்கியதில் ஒரு பங்கை உயரம் ஏற்றிக் கொடுக்கிறது.

டயர் நிறுவனத்தின் எடை அட்டவணையில் இருப்பதெல்லாம் ‘குளிர்ந்த டயர்’ அழுத்தம். அது குளிர்காலத்தைக் குறிக்கவில்லை. ஓட்டி நிறுத்திக் குறைந்தது மூன்று மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், வெயில் படாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வண்டி ஒரு பக்கமாக வெயிலில் நின்றால் அந்தப் பக்கத்து டயர்கள் மட்டும் சில பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். எனவே சூரியன் எழும் முன் அளப்பது நல்லது. இன்று எந்த ஊரிலிருந்து கிளம்புகிறோமோ, அந்த ஊரின் காலைதான் கணக்கு.

ஓட ஆரம்பித்ததும் டயர் சூடாகும். 20 டிகிரியில் 80 இருந்த டயர் உள்ளே 50 டிகிரியைத் தொட்டால் கிட்டத்தட்ட 90 காட்டும். இதைப் பார்த்துப் பதறிக் காற்றை இறக்கிவிடுகிறார்கள் பாருங்கள், அதுதான் பெரிய தப்பு. இந்த ஏற்றத்தை எதிர்பார்த்துத்தான் டயரை வடிவமைத்திருக்கிறார்கள். 80-க்கு இறக்கிவிட்டால் டயர் குளிர்ந்ததும் சுமார் 71-க்கு வந்து நிற்கும். அப்புறம் பல டன் எடையோடு ஓடும்போது பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடங்கி நிமிரும். மடங்கும் ரப்பர் தான் வாங்கிய ஆற்றலை முழுதாகத் திருப்பித் தருவதில்லை. மிச்சம் வெப்பமாக உள்ளேயே தங்குகிறது. நெடுஞ்சாலையில் டயர் வெடிப்பதற்குப் பின்னால் பல நேரம் இருப்பது இந்தச் சூடுதான்.

நைட்ரஜன் அடித்தால் இந்தத் தொல்லை இல்லை என்பார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், வெப்ப விதியும் இரண்டுக்கும் ஒன்றே. ஈரமில்லாத வாயு என்பது அதன் நிஜமான நன்மை, ஏனென்றால் நீராவி இந்தக் கணக்கைக் கொஞ்சம் குழப்பும்.

சரி, காலையில் 8 பிஎஸ்ஐ குறைகிறது, காற்றடிக்கும் இடமோ சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. போய்ச் சேர்வதற்குள் டயர் சூடாகிவிடுமே? கிளம்பும் முன் ஒவ்வொரு டயரிலும் எவ்வளவு குறைகிறது என்று சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே போனதும் கேஜ் 75 காட்டினால், 80 வரை அடித்து நிறுத்திவிடாதீர்கள். குறித்துவைத்த 8-ஐ அந்த 75-உடன் கூட்டி, 83-க்கு அடியுங்கள்.