ஆகஸ்ட்ல கடிக்காத மீன் டிசம்பர்ல எப்படி கடிக்குது? துபாய் கடலோட கணக்கு

துபாய் வந்த முதல் வருஷம் ஆகஸ்ட் மாசம், மம்சார் கடற்கரை பக்கம் கல்லு மேல ராத்திரி எட்டு மணிக்கு உக்காந்து பன்னெண்டு வரைக்கும் தூண்டில் போட்டேன், ஒரு கடி கூட இல்ல. இறால் இரை அப்படியே வெந்த மாதிரி வெளுத்துப்போய் மேல வந்துச்சு. தண்ணில கைய விட்டா குளிக்க காய வச்ச வெந்நீர் மாதிரி இருந்துச்சு. அதே கல்லு, அதே இரை, டிசம்பர்ல போய் உக்காந்தா அரை மணி நேரத்துல ரெண்டு விளமீன். தூத்துக்குடில வளர்ந்தவன் நான், கடல் காலத்துக்கு காலம் மாறும்னு தெரியும், ஆனா இவ்வளவு மாறும்னு தெரியாது.

அப்புறம்தான் ஒரு சின்ன தெர்மாமீட்டர் வாங்கி ஈயக்குண்டு பக்கத்துல தங்கூஸ்ல, அதாவது தூண்டில் நரம்புல, கட்டி இறக்க ஆரம்பிச்சேன். ஆகஸ்ட்ல 34 டிகிரி, ஜனவரில 21. நம்மூர் கடல்ல இவ்வளவு பெரிய ஏத்த இறக்கம் கிடையாது. இங்க மட்டும் ஏன்னா, இந்த வளைகுடா கடல்ங்கிறதே ஒரு அகலமான தட்டு மாதிரி. சராசரி ஆழம் 35 மீட்டர்தான், ரொம்ப ஆழமான இடத்துல கூட 90 மீட்டர் பக்கம்தான். ஆழமான கடலுக்கு அடியில குளிர்ந்த தண்ணி நிறைய இருக்கும், அது வெயிலை தாங்கிக்கும், இங்க அந்த சேமிப்பே இல்ல. அடுப்புல வச்ச தட்டுத் தண்ணி எப்படி சட்டுனு சூடாகி சட்டுனு ஆறுமோ அதேதான்.

உப்பும் அப்படித்தான். துபாய்ல மழைங்கிறது வருஷத்துல சில நாள், பெரிய ஆறுன்னு பாத்தா வடக்கு மூலையில ஷத் அல் அரப் ஒண்ணுதான், ஆனா வெயில்ல ஆவியாகிப் போற தண்ணி வருஷத்துக்கு ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு இருக்கும். வெளிக்கடல்ல ஒரு கிலோ தண்ணில 35 கிராம் உப்புன்னா இங்க 40 கிராம் வரும். போன தண்ணிய ஈடு கட்ட ஹோர்முஸ் ஜலசந்தி வழியா மேல்மட்டத்துல புதுத் தண்ணி உள்ள வருது, வளைகுடாவ கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில சுத்தி வர்றதுக்குள்ள உப்பு ஏறி கனமாகி அடியில இறங்கி, அதே ஜலசந்தி வழியா அடிமட்டத்துல வெளிய போகுது. ஒரே வாசல், மேல வரவு, கீழ செலவு. எனக்கு இந்தக் கடல்ல ரொம்பப் பிடிச்ச விஷயமே இதுதான்.

இப்ப மீனுக்கு வருவோம். மீன் குளிர் ரத்தப் பிராணி, தண்ணி என்ன சூடோ அதோட உடம்பும் ஏறக்குறைய அதே சூடு. 10 டிகிரி ஏறினா உடம்புக்குள்ள நடக்கிற வேலை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வேகமாகும், அதுக்கு ஆக்ஸிஜனும் கூட வேணும். ஆனா தண்ணி சூடாக ஆக அதுல கரையற ஆக்ஸிஜன் குறையும், உப்பு கூடினா இன்னும் குறையும். ஜனவரி தண்ணியோட ஒப்பிட்டா ஆகஸ்ட் தண்ணி பிடிச்சு வைக்கிற ஆக்ஸிஜன் கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு கம்மி. தேவை ஏறுது, வரத்து இறங்குது. இதுல மீன் கடல் தண்ணிய குடிச்சு உப்ப செவுள் வழியா வெளிய தள்ளணும் வேற, அதுக்கும் சக்தி செலவாகும். அதனாலதான் கோடையில பெரிய மீனுங்க கரையோரத்தை விட்டுட்டு சூடு கொஞ்சம் குறைவான ஆழத்துக்கு நகந்துடும். நமக்கு கடி இல்லன்னா அதுக்கு பசி இல்லன்னு அர்த்தம் இல்ல, அது அங்க இல்லவே இல்ல.

சீலாவ எடுத்துக்கோங்க, சென்னைல வஞ்சிரம், இங்க அரபில கனாத். இதுக்கு உள்ள காத்துப்பை கிடையாது, நீந்துறத நிறுத்தினா கீழ போயிடும், வாயத் திறந்துட்டு ஓடினாத்தான் செவுள்ல தண்ணி ஓடும். ஓடிட்டே இருக்கணும்னா ஆக்ஸிஜன் நிறைய வேணும். அதான் தண்ணி ஆற ஆரம்பிக்கிற அக்டோபர் நவம்பர்லதான் இங்க சீலா சீசன் சூடு பிடிக்குது, சாளைக் கூட்டத்தை துரத்திட்டே கரைக்குப் பக்கத்துல வரும். பல்லு பிளேடு மாதிரி, கம்பி போடாம வெறும் தங்கூஸ்ல போட்டா ஒரே கடில அறுத்துட்டுப் போயிடும்.

சரி, ஏன் எல்லாரும் கல்லுலயே போய் உக்காருறோம்? துபாய் கடலடி பெரும்பாலும் வெறும் மணல், மணல்ல பாசியோ சிப்பியோ ஒட்ட முடியாது. கல்லு போட்டா ஒட்டும். கொஞ்ச வருஷத்துல கல்லு முழுக்க கொட்டலசும் (கூரான ஓட்டோட கல்லுல ஒட்டியே வாழற சின்னப் பிராணி) சிப்பியும் பாசியும் நண்டும் ஆயிடும், பாசிய மேய ஓரா வரும், சிப்பிய கடவாய்ப் பல்லால நொறுக்கித் தின்ன விளமீன் வரும், இதுங்களை தின்ன களவா பொந்துக்குள்ள காத்திருக்கும். 2001ல வேலை ஆரம்பிச்ச பாம் ஜுமேரா செயற்கைத் தீவைச் சுத்தி 11 கிலோமீட்டருக்கு கல்லு அணை கட்டினாங்க, அலைக்காக கட்டினதுதான், ஆனா இன்னைக்கு அது ஒரு பெரிய பாறைத்திட்டு. முதல்ல அடைச்சே கட்டப் பாத்து உள்ள தண்ணி தேங்க ஆரம்பிச்சதும் அணையில இடைவெளி விட்டாங்க. அந்த மாதிரி இடைவெளி வழியா ஓதம், அதாவது கடல்மட்டம், ஏறி இறங்கும்போது நீவாடு, அதாவது நீரோட்டம், இழுக்கும் பாருங்க, அங்கதான் சின்ன மீனுங்க தடுமாறும், பெரிய மீனுங்க ஓரத்துல சுழல்ல நின்னுட்டு வர்றத எடுத்துக்கும். தூண்டிலும் அந்த ஓட்டத்துக்கும் சுழலுக்கும் நடுவுல விழுந்தாத்தான் பிரயோஜனம். தண்ணி ஏறவும் இல்லாம இறங்கவும் இல்லாம நிக்கிற நேரத்துல நான் டீ குடிப்பேன்.

ஓரா பத்தி ஒண்ணு கண்டிப்பா சொல்லணும். இங்க ஸாஃபின்னு சொல்லுவாங்க, பாக்க சாதுவா இருக்கும், முதுகு முள்ளுல விஷம். போன பிப்ரவரில கூட வந்த தம்பி தூண்டில் முள்ள கழட்டும்போது மீனோட முதுகு முள்ளு கட்டைவிரல்ல ஏறிடுச்சு, ரெண்டு நிமிஷத்துல கை முழுக்க வலி, முகமெல்லாம் வேர்த்துடுச்சு. ஃபிளாஸ்க்ல டீக்கு வச்சிருந்த வெந்நீர பச்சத் தண்ணி கலந்து, நான் முதல்ல கைய விட்டு சூடு பாத்துட்டு, பொறுக்கிற சூட்டுல அவன் விரல முக்கி வச்சோம். அந்த விஷம் புரதம், சூட்டுல கெட்டுப்போகும். அரை மணி நேரத்துல வலி இறங்கிடுச்சு, அப்புறம் டாக்டர்கிட்ட காட்டினோம். ஐஸ் வைக்காதீங்க.

மார்ச், ஏப்ரல் ரெண்டு மாசமும் ஷேரி, ஸாஃபி ரெண்டையும், அதாவது விளமீனையும் ஓராவையும், பிடிக்கக் கூடாது, அது முட்டை விடுற காலம். லைசென்ஸ் இல்லாம போடவும் கூடாது. களவாதான் எனக்கு மனசுக்கு கஷ்டமான மீன், இங்க ஹமூர்னா ஹோட்டல்ல அவ்வளவு கிராக்கி. அது பொறந்து வளரும்போது பொட்டை, பெருசான பிறகு அதுல சிலது ஆணா மாறும். அதனால பெருசு பெருசா பாத்து பிடிச்சுட்டே இருந்தா ஆணுங்க தீந்து போகும், சின்னதா பிடிச்சா முட்டை விடுறதுக்கு முன்னாடியே போயிடும். ரெண்டு பக்கமும் இடி.

ஜனவரில ஒரு களவா வந்துச்சு, என் முழங்கையில இருந்து விரல் நுனி வரைக்கும் கூட இல்ல. வாய் ஓரத்துல தூண்டில் முள்ளு, கைய நனைச்சுட்டு தண்ணிக்குள்ளயே வச்சு கழட்டினேன். ஒரு நொடி கல்லு பக்கத்துல அசையாம நின்னுச்சு, செவுள் மட்டும் தெறந்து மூடுச்சு, அப்புறம் பொந்துக்குள்ள போயிடுச்சு. தெர்மாமீட்டர எடுத்துப் பாத்தேன், 21.