முதல் கிராஃபிக் நாவல் வருதா? சந்தோஷப்படுங்க, ஆனா கடைசி பக்கத்துல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி அதுக்கு முந்தின பக்கங்களையும் படிங்க

நான் கிராஃபிக் நாவல், அதாவது படக்கதையா வர்ற நாவல்களோட எடிட்டர். கதைய பக்கம் பக்கமா பாக்குறது போக, முதல் புத்தகம் பண்றவங்களோட ஒப்பந்தத்த படிச்சு இந்த வரி எதுக்கு வச்சிருக்காங்கன்னு சொல்றதும் என் வேலையில சேர்ந்துடுச்சு. பாத்திரம் பேசுறத எழுதுற பேச்சு பலூன் அரை மில்லிமீட்டர் தள்ளி இருந்தா கூட கண்டுபிடிக்கிற ஆளுங்க, ஒப்பந்தம் மெயில்ல வந்ததும் நேரா கையெழுத்து போடுற இடத்துக்குப் போயிடுறாங்க, இத நான் திரும்பத் திரும்ப பாத்துட்டேன். புரியாம இல்ல. வருஷக்கணக்கா ராத்திரி முழிச்சு யாரும் கேக்காத ஒண்ண வரைஞ்சிட்டு இருந்தவருக்கு, ஒருத்தர் வந்து "நாங்க போடுறோம்"னு சொன்னா அப்ப போயி பிரிவு 14 என்ன சொல்லுதுன்னு யாருக்குத் தோணும்?

புத்தகம் ஓடலைன்னா ஒப்பந்தத்துல என்ன இருந்தாலும் பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது, கொஞ்ச நாள்ல ரெண்டு பக்கமும் மறந்துடுவாங்க. பேர் கிடைச்சாத்தான் வில்லங்கம் ஆரம்பிக்கும். விருதுப் பட்டியல்ல வருது, வேற மொழில போட கேக்குறாங்க, சீரிஸ் எடுக்க ஒருத்தர் பேச வர்றாரு, அன்னிக்குத்தான் அந்த பழைய பேப்பர எடுத்து படிக்கிறாங்க.

எல்லாருக்கும் தெரிஞ்ச உதாரணம் சூப்பர்மேன். ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் 1938ல 130 டாலருக்கு அந்த பாத்திரத்தோட உரிமைய எழுதிக் குடுத்தாங்க, 13 பக்க முதல் கதைக்கு வந்த கூலியும் அதுதான். பல வருஷம் வழக்கு, வறுமை எல்லாம் பாத்துட்டு 1975 கடைசிலதான் ஆளுக்கு வருஷம் 20,000 டாலர் ஓய்வூதியமும் "உருவாக்கியவர்கள்"னு பேரும் கிடைச்சுது. அது அந்தக் காலம் சார், இப்ப எல்லாம் விவரமாத்தான் இருக்காங்கன்னு என்கிட்ட சொல்லுவாங்க. அவங்களுக்கு நான் சொல்ற உதாரணம் வேற, வாட்ச்மென்ங்கிற காமிக்ஸ். 1980கள்ல போட்ட ஒப்பந்தம், எழுதினவரு ஆலன் மூர், வரைஞ்சவரு டேவ் கிப்பன்ஸ். பதிப்பு நின்னு போயி குறிப்பிட்ட காலம் ஆச்சுன்னா உரிமை படைச்சவங்களுக்கே திரும்பிடும்னு அதுல இருந்துச்சு. அப்ப இருந்த வழக்கத்துக்கு ரொம்ப நியாயமான வரி, ஏன்னா அப்ப காமிக்ஸ் வந்து வித்து முடிஞ்சா அவ்வளவுதான், மறுபதிப்பே அபூர்வம். ஆனா 1987ல தொகுப்பா வந்தது இன்னிக்கு வரைக்கும் அச்சுல நிக்கவே இல்ல, உரிமையும் திரும்பல. தோத்திருந்தா திரும்பி வந்திருக்கும், ஜெயிச்சதால வரல.

இந்த வரி இப்ப இன்னும் ஆபத்து. மின்நூலா ஒரு கோப்பு சர்வர்ல கிடந்தாலே "பதிப்பில் உள்ளது"ன்னு சொல்லிடலாம், ஆர்டர் வந்தா ஒரு பிரதி அடிச்சு குடுக்குற வசதியும் இருக்கு, அதனால எந்தப் புத்தகமும் சாகவே சாகாது. அதனால நான் எப்பவும் கேக்கச் சொல்றது: பதிப்புல இருக்குறதுன்னா என்னன்னு எண்ணிக்கைல எழுதுங்க, தொடர்ந்து 12 மாசத்துல இத்தன பிரதிக்குக் கீழ வித்தா நான் கடிதம் எழுதி உரிமைய திரும்ப வாங்கிக்கலாம்னு. பெரும்பாலும் ஒத்துக்குறாங்க, கேக்குறவங்கதான் கம்மி.

அடிப்படையில ஒண்ணு தெளிவா தெரிஞ்சுக்கோங்க. 1886 பெர்ன் உடன்படிக்கைய ஏத்துக்கிட்ட நாடுகள்ல, அதாவது உலகத்துல கிட்டத்தட்ட எல்லா நாட்டுலயும், நீங்க வரைஞ்சு முடிச்ச அந்த நிமிஷமே காப்பிரைட் உங்களோடது, எங்கயும் போயி பதியணும்னு கட்டாயம் இல்ல. (நீதிமன்றம் போனா பதிவு உதவும், அது தனிக் கதை.) அப்ப பதிப்பகத்துக்கு நீங்க குடுக்குறது என்ன? அனுமதி. எந்த மொழி, எந்தெந்த நாடு, அச்சா மின்நூலா, எத்தன வருஷம்னு வரம்பு போட்ட அனுமதி. "சகல உரிமைகளையும் மாற்றித் தருகிறேன்"னு ஒரு வரி இருந்தா அது வாடகைக்கு விடுறது இல்ல, வீட்டையே எழுதிக் குடுக்குறது. சம்பளத்துக்கு வேல செஞ்ச மாதிரி, படைப்பு கம்பெனிதுன்னு சொல்ற ஒப்பந்தங்களும் இருக்கு. அது தப்புன்னு நான் சொல்லல, ஏற்கனவே அவங்க வச்சிருக்க பாத்திரத்த வரைய கூப்பிட்டா அப்படித்தான் இருக்கும். உங்க சொந்தக் கதைக்கு, உங்க முதல் புத்தகத்துக்கு அந்த பேப்பர் எதுக்கு?

மொழிபெயர்ப்பு, சினிமா, சீரிஸ், பொம்மை, டி-ஷர்ட் இதெல்லாம் பெரும்பாலும் ஒரே பத்தில சேர்ந்து வந்துடும். அத பிரிக்கச் சொல்லுங்க. பதிப்பகத்துக்கிட்ட வெளிநாட்டு உரிமை விக்க ஆள் இருந்தா மொழிபெயர்ப்பு உரிமைய குடுத்து பங்கு வாங்குறது புத்திசாலித்தனம். ஆள் யாரும் இல்லாம சும்மா பூட்டி வைக்கப் போறாங்கன்னா எதுக்கு குடுக்கணும்?

பணம். முன்பணம் வந்துச்சுன்னு ஒருத்தர் துள்ளிக் குதிச்சு வந்தாரு, 180 பக்கக் கதை. பக்கத்துக்கு பென்சில், மை, கலர், எழுத்து எல்லாம் சேர்த்து ரெண்டு நாள்னு வச்சா 360 வேலை நாள், ஞாயித்துக்கிழமை விட்டா ஒரு வருஷத்துக்கும் மேல. அந்த தொகைய 360ஆல வகுத்து பாருங்கன்னேன், போன்ல கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. உரைநடை நாவல் எழுதுறவருக்கு குடுக்குற அதே கணக்குலதான் நிறைய இடத்துல கிராஃபிக் நாவலுக்கும் முன்பணம் போடுறாங்க, வரையிறதுக்கு ஆகுற நேரம் கணக்குலயே வராது. வேணாம்னு சொல்லச் சொல்லல, தெரிஞ்சு ஒத்துக்கோங்க, இல்லன்னா கெடு தேதியயாவது தள்ளி வாங்குங்க. அந்த முன்பணம் ராயல்டில (விக்கிற பிரதிக்கு உங்களுக்கு வர்ற பங்குல) கழிஞ்ச பிறகுதான் அடுத்த காசு. ராயல்டி சதவீதம் எதுமேலன்னு பாருங்க. அட்டை விலை 100ன்னா 10 சதவீதம் 10. அதே 10 சதவீதம் "பதிப்பகத்துக்கு வந்த தொகை"மேலன்னு இருந்து, கடைக்கும் விநியோகத்துக்கும் பாதி போயிடுச்சுன்னா உங்களுக்கு 5. எழுதுறவரும் வரையிறவரும் ரெண்டு பேருன்னா அதுலயும் பாதி. வித்த புத்தகம் கடைலருந்து திரும்பி வரலாம்னு ஒரு பகுதிய நிறுத்தி வைப்பாங்க, அத எப்ப விடுவிப்பாங்கன்னு தேதி கேளுங்க.

இனி பேரு. இத சின்ன விஷயம்னு விட்டுடுறாங்க, எனக்கு இதுதான் பெரிய கவலை. 2008ல கனடாவோட கவர்னர் ஜெனரல் இலக்கிய விருது இறுதிப் பட்டியல்ல ஸ்கிம்னு ஒரு கிராஃபிக் நாவல் வந்துச்சு. எழுதினது மரிகோ தமாகி, வரைஞ்சது ஜிலியன் தமாகி, ஆனா சிறார் இலக்கியம் "உரை" பிரிவுல எழுதினவரோட பேரு மட்டும்தான் போச்சு. காமிக்ஸ்ல படம்தான பாதி கதைய சொல்லுது, உரைய மட்டும் எப்படி தனியா பிரிச்சீங்கன்னு செத், செஸ்டர் பிரவுன் ரெண்டு கார்ட்டூனிஸ்ட்டும் சேர்ந்து பகிரங்கக் கடிதமே எழுதினாங்க. விருது நடத்துறவங்க கெட்டவங்கன்னு இல்ல, அவங்க கிட்ட இருக்குற டப்பா உரைக்கு ஒண்ணு, படத்துக்கு ஒண்ணுன்னு இருக்கு, நம்ம புத்தகம் ரெண்டுலயும் முழுசா அடங்காது.

இதுல நீங்க செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு, பதிப்பகத்துக்கு வெளிய பல பேருக்கு இது தெரியாது. புத்தகத்தோட விவரங்கள் கடைகளுக்கும் நூலகங்களுக்கும் ஒனிக்ஸ்னு ஒரு தரவு வடிவத்துல போகும். அதுல எழுதினவருக்கு ஏ01, விளக்கப்படம் போட்டவருக்கு ஏ12ன்னு கோடு. கிராஃபிக் நாவல் வரைஞ்சவர சிறுவர் கதைக்கு நாலு படம் போட்டவர் மாதிரி ஏ12ல போட்டுட்டா ஆன்லைன் கடையில ஆசிரியர் பேருக்கு அப்புறமா, சில இடத்துல சின்ன எழுத்துல, சில இடத்துல வரவே வராது. இணை ஆசிரியரா பதிவு பண்ணுங்கன்னு புத்தகம் அறிவிக்கிறதுக்கு முன்னாடியே கேளுங்க. அட்டை, முதுகுப் பட்டை, உள் தலைப்புப் பக்கம், விளம்பரம் எல்லாத்துலயும் பேர் எப்படி வரணும்னு ஒப்பந்தத்துலயே எழுதுங்க. கலர் பண்ணவர், எழுத்து போட்டவர் பேரையும் சேருங்க, 1988ல ஆரம்பிச்ச ஐஸ்னர் காமிக்ஸ் விருதுல கலருக்கும் லெட்டரிங்குக்கும் தனித்தனி பிரிவு இருக்கு, யாரு பண்ணதுன்னே புத்தகத்துல இல்லன்னா யாருக்குக் குடுப்பாங்க?

அப்புறம் "உத்தரவாதம்"னு ஒரு பிரிவு வரும். இதுல இருக்குறது முழுக்க என் சொந்தப் படைப்பு, வழக்கு வந்தா செலவு என்னோடதுன்னு நீங்க எழுதிக் குடுக்குறீங்க. இப்ப உங்க பக்கங்கள ஒரு தடவ அந்தக் கண்ணோட பாருங்க. ஆன்லைன்ல இலவசமா எடுத்த ஃபான்ட் (எழுத்துரு) சொந்த உபயோகத்துக்கு மட்டும் இலவசமா இருக்கலாம், அப்படின்னா அச்சுப் புத்தகத்துக்கு தனி உரிமம் வாங்கணும். தெருவ வரைய தேடி எடுத்த போட்டோ, அத அப்படியே மேல வச்சு வரைஞ்சிருந்தா போட்டோ எடுத்தவரு கேக்கலாம். பாத்திரம் ரேடியோல பாட்டு கேக்குதுன்னு ரெண்டு வரி பாட்டு எழுதியிருப்பீங்க, அதுக்கு அனுமதி வாங்கணும், ரெண்டே வரிதானேன்னு யாரும் விட மாட்டாங்க. நான் பாத்த ஒரு புத்தகத்துல பாட்டு வர்ற பக்கம் முழுக்க கடைசி வாரத்துல மாத்த வேண்டி வந்துச்சு, பாட்ட எடுத்துட்டு வெறும் இசைக் குறி மட்டும் போட்டோம். (பக்கம் முன்ன விட நல்லாவே வந்துச்சு, அது வேற விஷயம்.) சொந்த வாழ்க்கைக் கதைன்னா இன்னும் யோசிக்கணும். பேர மாத்தினா போதும்னு நினைப்பாங்க, ஆனா முகத்த நீங்கதான தத்ரூபமா வரைஞ்சு வச்சிருக்கீங்க.

கோப்புகள் விஷயத்துக்கு வர்றேன். கம்ப்யூட்டர் கோப்புல படம் ஒரு லேயர் (அடுக்கு), பலூன் ஒரு லேயர், எழுத்து ஒரு லேயர்னு கடைசி வரைக்கும் பிரிச்சே வைங்க, எழுத்து சுத்தக் கருப்பு மையில மட்டும் இருக்கட்டும், நாலு கலரும் கலந்த கருப்பு வேணாம். காரணம் இருக்கு. அச்சுல நாலு கலருக்கும் தனித்தனி தகடு. பல மொழிப் பதிப்ப ஒரே நேரத்துல அச்சடிக்கும்போது மத்த மூணு கலர் தகட்ட அப்படியே வச்சுட்டு கருப்புத் தகட்ட மட்டும் மாத்துவாங்க, செலவு நல்லா குறையும், வெளிநாட்டுப் பதிப்பகம் யோசிக்கிற புத்தகத்த எடுத்துக்குறதுக்கு அதுவே காரணமா அமையலாம். கையில வரைஞ்ச பக்கம்னா அசல் உங்களோடதுன்னு ஒப்பந்தத்துல ஒரு வரி வேணும். விருது வந்த பிறகு அந்தக் காகிதத்துக்கே தனியா மதிப்பு வரும்.

விருதுகளுக்கு அனுப்புறது தானா நடக்கும்னு நினைக்காதீங்க. நிறைய விருதுக்கு பதிப்பகமோ படைப்பாளியோ பிரதி அனுப்பினாத்தான் நடுவர் கண்ணுலயே படும், வெளியான வருஷத்தப் பொறுத்து கெடுவும் உண்டு. புத்தகம் வருஷக் கடைசில வந்துச்சுன்னா கெடுவுக்குள்ள பிரதி போயி சேருமான்னு ரொம்ப முன்னாடியே கேட்டு வைங்க. யாரு அனுப்புறது, கட்டணம் யாரோடது, எந்தெந்த விருதுக்குன்னு ஒரு பட்டியல பதிப்பகத்துக்கிட்ட மெயில்ல வாங்கிடுங்க.

கடைசியா, "அடுத்த படைப்புக்கு முதல் வாய்ப்பு" அப்படின்னு ஒரு பிரிவு, பெரும்பாலும் ஒப்பந்தத்தோட வால்ல இருக்கும். உங்க அடுத்த புத்தகத்த முதல்ல அவங்ககிட்டதான் காட்டணும்னு அர்த்தம். காட்டுறதுல தப்பில்ல. இதே பண விதிகள்லயே குடுக்கணும்னு இருந்தா அந்த ஒரு வரிய அடிச்சிடுங்க, முழு புத்தகத்தயும் வரைஞ்சு அனுப்பணும்னு இல்லாம சுருக்கமும் சில மாதிரிப் பக்கமும் போதும்னு மாத்துங்க, 60 நாளுக்குள்ள பதில் வரலைன்னா நீங்க வேற இடம் போகலாம்னு சேருங்க. முதல் புத்தகம் பேர் வாங்கின பிறகு இத மாத்தலாம்னு விடாதீங்க, அப்ப அவங்க ஏன் மாத்தப் போறாங்க.