சென்சார் – உணரி: ஒளியியல் வேதி உணரி என்றால் என்ன?

'சென்சார்' என்று எழுதினால் தமிழில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது சினிமாத் தணிக்கைதான். ஆங்கிலத்தில் இவை இரண்டும் வேறு வேறு சொற்கள். தணிக்கைக்கானது 'மதிப்பிடு' என்று பொருள்படும் 'சென்சேரே' என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. கருவிக்கானது 'உணர்' என்று பொருள்படும் 'சென்டிரே' என்ற வினையிலிருந்து வந்தது. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டதால், கருவிக்கு 'உணரி' என்ற சொல் வசதி. காட்டி, கொல்லி போல வினையோடு இகரம் சேர்ந்து பிறந்த சொல் இது. 'உணர்வி' என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது 'உணரச் செய்வது' என்ற பொருளுக்கு இழுக்கும் என்பதால் எனக்கு உணரியே சரி.

சரி, ஒளியியல் வேதி உணரி? வேதி மாற்றத்தை ஒளியின் மாற்றமாக்கி அளப்பது. பெரும்பாலும் நடுவில் ஒரு நிறங்காட்டி, அதாவது வேதி மாற்றத்துக்கு ஏற்ப நிறம் மாறும் சாயம், இருக்கும். 'புரோமோகிரெசால் பச்சை' என்ற நிறங்காட்டி அமிலத்தில் மஞ்சள். அமிலத்தன்மை குறைந்தால் நீலம். மஞ்சள் நிலையில் சிவப்பு, ஆரஞ்சு ஒளியைப் பெரும்பாலும் தன் வழியே போக விட்டுவிடும். நீலமானதும் அதை விழுங்கும். எவ்வளவு விழுங்குகிறது என்பதிலிருந்து பீர்–லாம்பெர்ட் விதிப்படி (செறிவு கூடக்கூட ஒளி அதிகம் விழுங்கப்படும் என்பது அது) செறிவைக் கணக்கிடலாம்.

இப்படி விழுங்கப்படும் ஒளியை நிறவாரியாக அளக்க ஆய்வகத்தில் நிறமாலை ஒளிமானி என்ற விலை உயர்ந்த கருவி உண்டு. அதன் வேலையை இரண்டு எல்.இ.டி.களை வைத்தே செய்யலாம் என்பதுதான் சுவாரசியம். எல்.இ.டி. ஒளியை உமிழ மட்டுமல்ல, உணரவும் செய்யும். ஃபாரஸ்ட் மிம்ஸ் என்ற அமெரிக்கர் 1970களிலேயே இதைச் செய்து காட்டினார். 2000களில் டப்ளின் நகரப் பல்கலைக்கழகத்தில் டெர்மட் டயமண்ட் குழுவினர் இதை வேதி அளவீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு எல்.இ.டி. ஒளிரும். அந்த ஒளி நிறங்காட்டி வழியே போகும். எதிரே இருக்கும் எல்.இ.டி.யைப் பின்னோக்குச் சார்பில், அதாவது மின்முனைகளை வழக்கத்துக்கு எதிராக மாற்றி இணைத்து, 5 வோல்ட்டுக்கு ஏற்றிவிட்டு இணைப்பைத் துண்டிப்பார்கள். அது குட்டி மின்தேக்கியாக நிற்கும். ஒளி பட்டால் மின்னூட்டம் வடியும். ஒளி கூடினால் சீக்கிரம் வடியும். வடியும் நேரத்தை மைக்ரோகன்ட்ரோலர் என்ற சிறு கணினிச் சில்லு எண்ணிச் சொல்லும். பெருக்கியும் வேண்டாம், அனலாக்கை டிஜிட்டலாக மாற்றும் சில்லும் வேண்டாம். விலை இறங்கியதன் ரகசியம் எல்.இ.டி. மலிவு என்பதைவிட இதில்தான் இருக்கிறது.

எல்.இ.டி.க்குத் தமிழகத்தில் ஒளியுமிழ் டையோடு, ஒளி உமிழ் இருமுனையம் என்பார்கள். இலங்கைப் பாடநூல்களில் ஒளிகாலும் இருவாயி. 'டையோடு' என்பது 1919இல் எக்கிள்ஸ் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் உருவாக்கிய சொல். கிரேக்கத்தில் 'இரண்டு', 'வழி' என்ற சொற்களின் சேர்க்கை. எலக்ட்ரோடை மின்வாய் என்று ஏற்கெனவே சொல்லிப் பழகியவர்களுக்கு இருவாயிதான் பொருத்தம், சுருக்கமும்கூட.

ஆனால் ஒன்று: இந்தக் கருவிக்குள் ஒளியை வாங்கும் எல்.இ.டி.யையும் 'உணரி' என்று எழுதினால் குழப்பம் வரும். நிறங்காட்டி, இரண்டு எல்.இ.டி., நேரம் எண்ணும் சில்லு எல்லாம் சேர்ந்ததுதான் உணரி. உள்ளே இருப்பவற்றை உமிழி, ஏற்பி என்று பிரித்துச் சொல்லலாம். ஏற்பி தான் உமிழும் நிறத்தையோ அதைவிடக் குறைந்த அலைநீளத்தையோதான் நன்றாக உணரும். அதனால் நீல எல்.இ.டி.யை ஏற்பியாக வைத்துச் சிவப்பு ஒளியை அளக்க முடியாது.