பாலிதீன், பாலியெஸ்டர், ரப்பர் பால்: ‘பாலி’க்குள்ள என்ன நடக்குது?

பாலிதீன், பாலியெஸ்டர், பாலிமர், பாலிடெக்னிக், இதுக்கெல்லாம் முன்னாடி நிக்கிற ‘பாலி’ கிரேக்கத்துல இருந்து வந்தது, ‘நிறைய’, ‘பல’ன்னு அர்த்தம். போலியோவை மட்டும் இதுல சேர்த்துராதீங்க, அது சாம்பல் நிறத்தைக் குறிக்கிற வேற ஒரு கிரேக்கச் சொல், தண்டுவடத்துல சாம்பல் நிறமா இருக்குற பகுதியை அந்த வைரஸ் தாக்குறதால வந்த பேரு. பிள்ளைங்க பரீட்சைக்காக இந்தப் பட்டியலை மனப்பாடம் பண்ணிட்டு அப்படியே விட்டுருதுங்க, எனக்கு அது ரொம்ப வருத்தம். ஏன்னா ஒரே சின்ன மூலக்கூறை நிறைய கோத்தா, அப்படிக் கோத்த சங்கிலியைத்தான் பாலிமர்ங்கிறாங்க, அதோட குணமே தலைகீழா மாறிப்போகுது, அதைப் புரிஞ்சுக்க நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தை விட நல்ல இடம் எங்க இருக்கு, குலசேகரம், அருமனை, கடையாலுமூடுன்னு எந்தப் பக்கம் போனாலும் ரப்பர் மரம் தானே.

ரப்பரோட அடிப்படை அலகு ஐசோப்ரீன். 5 கார்பன், 8 ஹைட்ரஜன், அவ்வளவுதான். தனியா இருந்தா நிறமில்லாத ஒரு திரவம், 34 டிகிரி செல்சியஸ்லயே கொதிச்சு ஆவியாப் போயிடும், நம்ம ஊர் ஏப்ரல் மாச மத்தியான வெயிலுக்குத் திறந்த பாத்திரத்துல நிக்காது. அதே அலகு ஆயிரக்கணக்குல வரிசையா சேர்ந்தா பாலிஐசோப்ரீன், லாரி டயர் தாங்குற ரப்பர். தோவாளை சந்தையில கொட்டி வச்சிருக்குற உதிரிப் பிச்சிப்பூ ஊதினா பறக்கும், அதையே சரமா கட்டிக் குவிச்சு வச்சா ஒண்ணை இழுத்தா நாலு சேர்ந்து வரும் இல்லையா, மூலக்கூறுலயும் அதே கதைதான், நீளமான சங்கிலிங்க ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்கிட்டுக் கிடக்குறதால எந்த ஒரு சங்கிலியாலயும் தனியா கழண்டு ஆவியாகிப் போக முடியாது.

இதுல பலபேரு தப்பா நினைக்கிற ஒரு விஷயம் உண்டு. டிஷ்ல ரப்பர் பாலை ஊத்தி ஆசிட் விட்டதும் அது உறையுது, அப்பத்தான் ரப்பர் உண்டாகுதுன்னு. அப்படி கிடையாது, சங்கிலியைக் கோக்குற வேலையை மரமே பட்டைக்குள்ள முடிச்சிருச்சு, ஐசோப்ரீனுக்கு நெருங்கின சொந்தமான ஒரு மூலக்கூறை எடுத்து நொதிகள் ஒவ்வொண்ணா சேர்க்குது. விடியக்காலையில பால் வெட்டும்போது சிரட்டையில விழுறதுல மூணுல ஒரு பங்கு ரப்பர், மீதி பெரும்பாலும் தண்ணி. ரப்பர் அதுல கரையல, நுண்ணிய துளிகளா மிதக்குது, ஒவ்வொரு துளியையும் சுத்தி ஒரு புரதப் போர்வை, அதுல நெகட்டிவ் சார்ஜ், அதனால துளிங்க ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கிட்டே இருக்கும். ஃபார்மிக் ஆசிட் அந்த சார்ஜை அடக்கிடுது, துளிங்க ஒட்டிக்குது, ஷீட் அடிக்கலாம். ஆசிட் விடாம விட்டாலும் பாக்டீரியா உண்டாக்குற அமிலத்துலயே பால் மெதுவா உறைஞ்சு போகும், சிரட்டையில தங்கி நாத்தம் அடிக்கிறது அதான்.

ரப்பர் இழுத்தா ஏன் திரும்பி வருது? இதுதான் எனக்கு இதுல எல்லாத்தையும் விட பிடிச்ச இடம். சங்கிலிங்க சாதாரணமா சுருண்டு கலைஞ்சு கிடக்கும், அப்படிக் கிடக்க ஆயிரம் வழி உண்டு, நேரா நிமிர்ந்து நிக்க வழி ரொம்ப கம்மி. இழுத்தா நிமிருது, விட்டா வெப்பத்தால எப்பவும் துள்ளிக்கிட்டே இருக்குற சங்கிலி மறுபடி கலைஞ்ச நிலைக்கே ஓடிடுது. வீட்டுலயே பார்க்கலாம், அகலமான ரப்பர் பேண்டை வெடுக்குன்னு இழுத்து உதட்டுல வைங்க, சூடு தெரியும், இழுத்தபடியே கொஞ்ச நேரம் பிடிச்சிருந்து விட்டுட்டு வைங்க, குளிரும்.

ஆனா பதப்படுத்தாத பச்சை ரப்பர் வெயில்ல பிசுபிசுக்கும், குளிர்ல விறைக்கும். 1839ல சார்லஸ் குட்இயர் கந்தகம் சேர்த்து சூடாக்கினா இது சரியாகுதுன்னு கண்டுபிடிச்சாரு, கந்தகம் சங்கிலிக்கும் சங்கிலிக்கும் நடுவுல பாலம் போட்டுருது. பாலம் விழுந்த பிறகு டயரை உருக்கி வேற பொருளா வார்க்க முடியாது. பாலிதீன்ல அந்தப் பாலம் கிடையாது, அதான் உருக்கி மறுபடி வார்க்க முடியுது. பாலிதீன் 1933ல இங்கிலாந்துல எத்திலீன் வாயுவை பயங்கர அழுத்தத்துல வச்சு சோதனை பண்ணினப்போ எதிர்பாராம வெள்ளையா மெழுகு கணக்கா கிடைச்சது, அங்கயும் ஒரு வாயு கோத்துக் கோத்து பை ஆகுது.

இப்படி நீளச் சங்கிலிகள் இருக்குன்னே முதல்ல யாரும் நம்பல. 1920ல ஹெர்மன் ஸ்டாடிங்கர்ங்கிற ஜெர்மன்காரர் சொன்னப்போ, சின்ன மூலக்கூறுங்க கும்பலா ஒட்டிக்கிட்டு இருக்கு, அவ்வளவுதான்னு பெரிய பெரிய ஆளுங்களே மறுத்தாங்க. 1953ல அவருக்கு நோபல் பரிசு.

எத்தனை கோத்தோம்ங்கிறதோட எப்படிக் கோத்தோம்ங்கிறதும் முக்கியம். மரச்சீனிக்கிழங்குல இருக்குற மாவுச்சத்தும் பருத்தி வேட்டியும் ரெண்டுமே பாலிசாக்கரைடு, அதாவது சர்க்கரை அலகுங்க கோத்த சங்கிலி, ரெண்டுலயும் அலகு அதே குளுக்கோஸ், ஆனா இணைப்பு திரும்பி இருக்குற பக்கம் வேற. மாவுச்சத்தோட இணைப்பை வெட்டுற நொதி நம்ம எச்சில்லயே இருக்கு, வேட்டியில இருக்குற செல்லுலோஸை வெட்டுற நொதி நம்ம உடம்புல இல்லவே இல்ல, மாட்டுக்கே அதோட வயித்துல இருக்குற நுண்ணுயிர்தான் செஞ்சு குடுக்குது.

கடைசியா எண்ணெய் பாக்கெட். அதுல பாலி அன்சாச்சுரேட்டட்னு போட்டிருப்பான், அதைப் பார்த்து பாலிமர்னு பயப்படாதீங்க, அங்க ‘நிறைய’ங்கிறது ஒரே கொழுப்பு அமிலத்துக்குள்ள இருக்குற ரெட்டைப் பிணைப்புகளோட எண்ணிக்கை. ஒவ்வொரு ரெட்டைப் பிணைப்பும் சங்கிலியை வளைச்சு விடுது, வளைஞ்சது நெருக்கமா அடுக்காது, அதனால சூரியகாந்தி எண்ணெய் குளிர்லயும் இளகியே இருக்கும், ரெட்டைப் பிணைப்பே இல்லாத நிறைவுற்ற கொழுப்பு கிட்டத்தட்ட 90 சதவீதம் இருக்குற தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழ போனா பாட்டில்ல உறைஞ்சு கட்டியாயிடும்.