‘இரக்கமுள்ள தலைமைத்துவம்’: ஒரு சொல் விளக்கம்

போன வாரம் திருத்தித் தரச் சொல்லி ஒரு கையேடு வந்தது. முதல் பக்கத்திலேயே ‘கோச்சிங் வழியாக இரக்கமுள்ள தலைமைத்துவம்’. இந்தத் தொடரை எத்தனையாவது முறை பார்க்கிறேன் என்ற கணக்கையே விட்டுவிட்டேன். கம்பாஷனேட் லீடர்ஷிப் என்பதன் மொழிபெயர்ப்பாம்.

கம்பாஷன் லத்தீன் வழி வந்த சொல். உடன் துன்புறுதல் என்று பொருள், அவ்வளவுதான். கோச் கதை இன்னும் சுவையானது. ஹங்கேரியில் கோச் என்று ஓர் ஊர். அங்கே செய்த குதிரை வண்டிக்கு ஊர்ப்பெயரே ஒட்டிக்கொண்டது. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய மாணவர்கள், தேர்வைத் தாண்ட வைக்கும் ஆசிரியரை வண்டி என்று கேலியாக அழைக்க, அது நிலைத்துவிட்டது. அப்புறம் விளையாட்டு, அப்புறம் அலுவலகம். அலுவலகத்தில் கோச் என்றால், பதில் சொல்லித் தராமல் கேள்வி கேட்டு, ஒருவர் தன் வழியைத் தானே கண்டுபிடிக்க உதவுகிறவர்.

சரி, இரக்கத்தில் என்ன தப்பு? நல்ல சொல்தான், உட்கார வைத்த இடம்தான் தப்பு. இரங்குகிறவருக்கும் இரங்கப்படுகிறவருக்கும் நடுவே எப்போதும் ஒரு படி உயரம் இருக்கும். ‘ஐயோ பாவம்’ என்ற குரல் மேலே இருந்துதான் வரும். இரங்கு என்ற வினைக்கு அழுது வருந்துதல் என்றும் பொருள் உண்டு. நெய்தல் திணையின் உரிப்பொருள் இரங்கல். இறந்தவர் வீட்டுக்கு நாம் இன்று தெரிவிப்பதும் இரங்கல். உயிரோடு வேலை பார்க்கும் குழுவுக்கு அதை ஏன் தெரிவிக்க வேண்டும்?

கோச்சிங் உரையாடல் ஒன்றில் வைத்துப் பார்த்தால் இந்தச் சொல் பல்லிளித்துவிடும். மூன்று முறை அறிக்கையைத் தாமதித்த இளைஞரைப் பற்றி ஒரு மேலாளர் பேசுகிறார் என்று வையுங்கள். “வீட்டில் ஏதோ பிரச்சினை போல, பாவம். நானே எழுதி முடித்துவிட்டேன்” என்கிறார். இது இரக்கம். “அவரிடம் என்ன கேட்டீர்கள்?” என்கிறார் கோச். பதில் இல்லை. கேட்டிருந்தால் அந்தப் ‘போல’ வந்திருக்காது. கம்பாஷன் என்று இந்தத் துறையில் சொல்வது அங்கேதான் தொடங்குகிறது: எங்கே முட்டுகிறது என்று கேட்பது, தேவையானால் கெடுவை மாற்றுவது, வேலையை அவர் கையிலேயே விடுவது.

கோச்சிங்கைப் ‘பயிற்சி’ என்பதும் இதனால்தான் இடிக்கிறது. பயிற்சி தெரிந்தவர் தெரியாதவருக்குக் கொடுப்பது. கோச்சிங் நூலாசிரியர் ஜான் விட்மோர் பரப்பிய க்ரோ (GROW) என்ற உரையாடல் முறையிலோ இலக்கு, நிலைமை, வழிகள், உறுதி என்று நான்கு படிகளும் கேள்விகளாகவே நகரும். விளையாட்டுக்குப் பயிற்சியாளர் இருக்கட்டும். இங்கே கோச்சிங் என்றே விட்டுவிடலாம். பொருந்தாத தமிழுக்கு முழுக் கடன் தேவலை.

வேலையைக் கெடுக்காத இந்தப் பரிவுக்கு நம்மிடம் கச்சிதமான சொல் ஒன்று இருந்தது: கண்ணோட்டம். குறளின் 58ஆம் அதிகாரம். அருளுடைமையைத் துறவறவியலில் வைத்த வள்ளுவர், கண்ணோட்டத்தைப் பொருட்பாலில், அரசனுக்குச் சொல்லும் பகுதியில் வைத்தார். ‘கருமம் சிதையாமல் கண்ணோட வல்லார்க்கு உரிமை உடைத்திவ் வுலகு.’ கடமை சிதையவும் கூடாது, கண்ணோட்டமும் வேண்டும். கம்பாஷனேட் லீடர்ஷிப்புக்கு இவ்வளவு இறுக்கமான வரையறையை நான் திருத்திய எந்தக் கையேட்டிலும் பார்த்ததில்லை. ஆனால் அந்தச் சொல்லைப் பார்வைக் கோணம் என்ற பொருளுக்குத் தாரைவார்த்துவிட்டோம். இன்று ‘கண்ணோட்டத் தலைமை’ என்று எழுதினால், “யாருடைய கண்ணோட்டம்?” என்றுதான் கேட்பார்கள்.

ஆகவே, கொஞ்சம் மனத்தாங்கலோடு, என் வாக்கு பரிவுக்கு. கருணை கடவுளுக்கும் கருணை மனுவுக்கும் போகட்டும். பரிவு பக்கத்தில் நின்று வருவது; தோழிக்கும் உண்டு, மேலாளருக்கும் இருக்கலாம்.

கடைசியாக அந்தத் ‘துவம்’. தலைமையில் ஏற்கெனவே ஒரு ‘மை’ இருக்கிறது. அதன்மேல் துவத்தை ஒட்டுவது சட்டைமேல் சட்டை. பொறுமைத்துவம், பெருமைத்துவம் என்று யாராவது சொல்கிறோமா? நான் தனித்தமிழ்க்காரன் இல்லை, மகத்துவத்தோடு எனக்குச் சண்டையும் இல்லை. ஆங்கிலத்தில் ஒரு ‘ஷிப்’பைக் கண்டதும் தமிழிலும் எதையாவது ஒட்டியே தீர வேண்டும் என்று மொழிபெயர்ப்பாளர்கள் பதறுவதுதான் எரிச்சல்.

‘கோச்சிங் வழியாகப் பரிவுள்ள தலைமை’ என்று திருத்தி அனுப்பினேன். நேற்று அச்சுப்படி வந்தது. அட்டையில் ‘பரிவுமிக்க தலைமைத்துவப் பயிற்சி’.