கிளீன்ரூம் பேனல்: தடிமனைக் கேட்கிறீர்கள், மூட்டுகளைக் கேட்பதில்லை

"பேனல் மாட்டி முடிச்சாச்சு சார், ஏசியும் ஓடுது. நீங்க வந்து வேலிடேஷன் பண்ணிக் கொடுத்துட்டா போதும்." சென்னைக்கு வெளியே ஒரு சிறிய மாத்திரைத் தொழிற்சாலையிலிருந்து வந்த அழைப்பு இது. தூசியைக் கட்டுப்படுத்திய கிளீன்ரூம் சரியாக இயங்குகிறதா என்று சோதித்துப் பார்ப்பதுதான் வேலிடேஷன். போய்ப் பார்த்தால், குளிர்பதனக் கிடங்குக்குப் போடும் பஃப் பேனலை (இரண்டு தகடுகளுக்கு நடுவே பாலியூரித்தேன் நுரை நிரப்பியது) அறை அறையாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தகடு நெடுக வரி வரியாகப் பள்ளம். ஒரு பள்ளத்தில் விரலை ஓட்டினேன், நுனியில் வெள்ளை மாவு. ஸ்விட்ச் பாக்ஸ் எல்லாம் சுவருக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது. ஒவ்வொன்றின் தலையிலும் அதே மாவு.

மூலப்பொருளை எடைபோடும் அறைக்குள் போய், ஸ்விட்ச் பாக்ஸ் மூடியைக் கழற்றச் சொல்லி, மெல்லிய டிஷ்யூ துண்டு ஒன்றை அதன் முன் பிடித்தேன். டிஷ்யூ அறைப்பக்கமாகப் பறந்தது. அந்த அறையில் மருந்துத் தூள் காரிடருக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக அழுத்தத்தைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். சரிதான். ஆனால் மின்வயருக்காகச் சுவருக்குள் போகும் கன்ட்யூட் குழாயின் மேல்முனை, சீலிங்குக்கு மேலே திறந்து கிடக்கிறது. அங்கே இருக்கும் தூசி, சிமென்ட் பொடி, பல்லி எச்சம் எல்லாம் குழாய் வழியாக அறைக்குள் வந்துகொண்டிருக்கிறது. மேலே லட்சக்கணக்கில் செலவழித்து, நுண்தூசியை வடிக்கும் ஹெப்பா ஃபில்டர், பக்கத்தில் ஃபில்டரே இல்லாத ஓட்டை.

இது ஒரே ஒரு இடத்தில் நடந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். மருந்துத் தொழிற்சாலைகளுக்கான விதிமுறையான ஷெட்யூல் எம் திருத்தப்பட்டு 2023 டிசம்பரில் அரசிதழில் வந்தது. சிறு, நடுத்தர நிறுவனங்களில் அவகாசம் கேட்டு விண்ணப்பித்தவர்களுக்கு 2025 டிசம்பர் 31 வரை அவகாசம் கிடைத்தது. அந்த அவசரத்தில் "முதலில் பேனலைப் போட்டுவிடுவோம்" என்று இறங்கியவர்கள் நிறைய. வந்த கொட்டேஷன்களில் சதுர அடி விலையை மட்டும் வட்டமிட்டு, குறைவாகச் சொன்னவருக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு, ஆடிட் நெருங்கும்போது என்னைப் போன்றவர்களைக் கூப்பிடுகிறார்கள்.

ஒரு விஷயம் முதலில். சுவர் பேனலாகத்தான் இருக்க வேண்டும் என்று ஷெட்யூல் எம் சொல்லவில்லை. வழவழப்பாக, விரிசல் இல்லாமல், எளிதாகச் சுத்தம் செய்யும்படி இருக்க வேண்டும் என்கிறது, அவ்வளவுதான். நன்றாகப் பூசி எபாக்ஸி பெயின்ட் அடித்த செங்கல் சுவர், மட்டமாக மாட்டிய பேனலைவிட எவ்வளவோ மேல். பேனலின் வசதி வேறு: வேலை சீக்கிரம் முடியும், ஈரப்பூச்சு காயக் காத்திருக்க வேண்டாம், பிற்பாடு அறையை மாற்றலாம்.

இனி, என் பொறுமையைச் சோதிக்கும் கேள்வி. "சார், ஐஎஸ்ஓ 8-க்கு 50 மில்லிமீட்டர் போதுமா? ஐஎஸ்ஓ 7-க்கு 80 போடணுமா?"

ஐஎஸ்ஓ 8 என்பது காற்றுக்குக் கொடுக்கும் வகுப்பு, சுவருக்கு அல்ல. ஒரு கன மீட்டர் காற்றில் அரை மைக்ரான் அல்லது அதற்கு மேற்பட்ட துகள்கள் 35,20,000-க்குள் இருந்தால் ஐஎஸ்ஓ 8, 3,52,000-க்குள் என்றால் ஐஎஸ்ஓ 7. ஐஎஸ்ஓ 14644-1 சொல்வது இதைத்தான். அதில் பேனல் தடிமனுக்கு அட்டவணை கிடையாது. "ஐஎஸ்ஓ 7 சான்றிதழ் பெற்ற பேனல்" என்று ஒருவர் பிரசுரம் நீட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்தத் தொழிற்சாலைக்கு ஐஎஸ்ஓ 9001 (தர நிர்வாகத்துக்கான சான்று) இருக்கலாம், அது வேறு கதை. கிடங்கில் அடுக்கிவைத்த தகட்டுக்கு எந்த வகுப்பும் இல்லை.

"சரி, ஏசி கரண்டாவது மிச்சமாகுமே?" என்பது அடுத்த கேள்வி. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 5 மீட்டருக்கு 4 மீட்டர் அறை, 3 மீட்டர் உயரம். சுற்றுச்சுவர் 54 சதுர மீட்டர். உள்ளே 22 டிகிரி, வெளியே காரிடரில் 27 டிகிரி. 50 மில்லிமீட்டர் பஃப் பேனலை 100 மில்லிமீட்டராக ஆக்கினால் சுவர் வழியே உள்ளே வரும் சூட்டில் குறைவது சுமார் 55 வாட். பஃபை எடுத்துவிட்டு அதே தடிமனில் ராக்வூல் (பாறையை உருக்கி இழைத்த நார்) போட்டால் கூடுவது சுமார் 70 வாட். அந்த அறைக்குள் ஒரு ஆள் சும்மா நின்றாலே கிட்டத்தட்ட 100 வாட் சூடு வரும். அவரை வெளியே அனுப்பினால் மிச்சமாவது, இரண்டு மடங்கு தடிமனுக்குக் கொடுத்த பணத்தில் மிச்சமாகவில்லை. கட்டடத்துக்குள் இன்னொரு அறையாக நிற்கும் கிளீன்ரூமில் சுவரின் வெப்பத்தடுப்பு பெரிய விஷயமே இல்லை. 2 முதல் 8 டிகிரியில் வைக்கும் குளிர் அறையா, வெயில் நேராக விழும் வெளிச்சுவரா, அப்போது பஃபைப் பற்றிப் பேசுவோம்.

தடிமன் கூடுதலாகத் தேவைப்படும் இடங்கள் உண்டு. சுவர் உயரம் அதிகமென்றால் வளையாமல் நிற்க வேண்டும். இரட்டைக் கண்ணாடி வியூ பேனல் இரண்டு பக்கமும் சமமாக உட்கார வேண்டும். குழாயும் கன்ட்யூட்டும் உள்ளே மறைய வேண்டும். 80 மில்லிமீட்டர் கேட்பதற்கு நியாயமான காரணங்கள் இவை.

பணமும் கவலையும் போக வேண்டிய இடம் மூட்டு. அதே 5-க்கு 4 மீட்டர் அறையில் 1.2 மீட்டர் அகலப் பேனல் என்றால் 15 நெடு மூட்டுகள். ஒரு மூட்டில் மேலிருந்து கீழ்வரை ஊடுருவி 1 மில்லிமீட்டர் இடைவெளி இருந்து, அறைக்கும் காரிடருக்கும் 15 பாஸ்கல் அழுத்த வித்தியாசம் இருந்தால், அந்த ஒரு கீற்றில் மட்டும் மணிக்குச் சுமார் 35 கன மீட்டர் காற்று போகும். 15 மூட்டும் அப்படியென்றால் 525. மணிக்கு 20 முறை காற்று மாற்றுவதென்றால் அந்த அறைக்கு மொத்தம் அனுப்புவதே 1,200 கன மீட்டர். "ஏஎச்யூ (அறைக்குக் காற்றை அனுப்பும் இயந்திரம்) சிறிதாகப் போட்டுவிட்டான் சார், அழுத்தம் நிற்கவில்லை" என்று ஏசிக்காரரைத் திட்டுவதற்கு முன் சுவரைப் பாருங்கள். ஏசிக்காரர்கள் புனிதர்கள் என்று சொல்ல வரவில்லை, இந்த வழக்கில் பெரும்பாலும் அவர்கள் குற்றவாளி இல்லை.

மேசைமேல் வைக்கும் கையகல சாம்பிளைப் பார்த்து ஆர்டர் கொடுக்காதீர்கள். இரண்டு பேனல் சேரும் இடம், அதோடு கோவிங் (மூலையை வளைவாக்கும் பட்டை) சேரும் மூலை, இவை இருக்கும் சாம்பிளைக் கேளுங்கள். கொண்டு வந்ததும் நகத்தை மூட்டின்மேல் ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால், அங்கே துடைக்கும் துணியும் தட்டும், தூளும் தங்கும். நீங்கள் பயன்படுத்தும் கிருமிநாசினியை அதே சாம்பிளில் ஊற்றி ஒரு வாரம் வையுங்கள். ஹைப்போகுளோரைட் பயன்படுத்துபவர்கள் எஸ்எஸ் 304 தகட்டையும் விட்டுவைக்க வேண்டாம். "ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல்தானே" என்று நம்பி இருந்து, பிறகு ஊசி குத்தியது போல அரிப்பைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

உள்ளே என்ன நிரப்புவது? எல்லாவற்றுக்கும் ஒரு குறை உண்டு. ராக்வூல் எரியாது, ஆனால் கனம். வெட்டிய விளிம்பை மூடாவிட்டால் நார் உதிரும், நனைந்தால் தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும். காகிதத் தேன்கூடு எடை குறைவு, விறைப்பு நன்றாக இருக்கும், தண்ணீர் பட்டால் போயிற்று. அலுமினியத் தேன்கூடு நல்லது, விலையைக் கேட்டால் முதலாளிக்கு வியர்க்கும். தெர்மக்கோல் வேண்டாம். ஏன் என்று விளக்கப் போவதில்லை, வேண்டாம்.

பஃப் பற்றி மட்டும் கொஞ்சம் கெஞ்சிக் கேட்கிறேன். தென்கொரியாவின் இச்சோன் நகரில் 2008 ஜனவரியில் ஒரு குளிர்பதனக் கிடங்கு எரிந்து 40 பேர் இறந்தார்கள். அதே நகரில் 2020 ஏப்ரலில் கட்டிக்கொண்டிருந்த கிடங்கில் தீப்பிடித்து 38 பேர். இரண்டிலும் பேசப்பட்ட பொருள் யூரித்தேன் நுரை. அது எரியும்போது வரும் புகையில் கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் இருக்கும், ஆட்களை முதலில் வீழ்த்துவது தீ அல்ல, புகைதான். தூளைக் குருணையாக்கும் உங்கள் கிரானுலேஷன் அறையில், எளிதில் பற்றும் கரைப்பானான ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் இருக்கிறது. கிளீன்ரூமில் ஜன்னல் திறக்காது, வெளியே வர இரண்டு மூன்று கதவுகளைத் தாண்ட வேண்டும். ஃபயர் ரிடார்டன்ட் பஃப் தாமதமாகப் பற்றும், மெதுவாகப் பரவும், ஆனால் எரியும். கரைப்பான் கையாளும் அறைக்கும், ஆட்கள் தப்பி ஓடும் வழிக்கும் ராக்வூல் போடுங்கள். பஃப் போட்டே ஆக வேண்டிய இடத்தில் தீச்சோதனை அறிக்கையை வாங்கிப் படியுங்கள். சோதித்தது நுரையை மட்டுமா, தகடும் மூட்டும் சேர்ந்த முழுப் பேனலையா என்று பாருங்கள். பேனல் நின்ற பிறகு பக்கத்தில் வெல்டிங் செய்ய யாரையும் விடாதீர்கள்.

அடுத்தது கிரைண்டர். வரைபடம் முடிவாகாமல் ஆர்டர் போனால், ஸ்விட்ச், பாஸ் பாக்ஸ் (பொருளை அறைக்குள் கைமாற்றும் பெட்டி), குழாய் என எல்லாத் துளையும் சைட்டில்தான் விழும். ஆங்கிள் கிரைண்டர் தகட்டை வெட்டும்போது விளிம்பில் துத்தநாகமும் பெயின்ட்டும் கருகும். தெறிக்கும் இரும்புப் பொறி சுற்றிலும் உள்ள பெயின்ட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு மழைக்காலம் கழிந்தால் சுவரெங்கும் மிளகு தூவினாற்போலத் துருப்புள்ளி. பேனல் சப்ளையர் மட்டமான தகடு கொடுத்துவிட்டதாகச் சண்டை நடக்கும். தகடு பாவம். துளைகள் தொழிற்சாலையிலேயே விழுந்து, விளிம்பு மூடி வரட்டும். அதற்குக் கதவு, சுவிட்ச், ரிட்டர்ன் ஏர் ரைசர் (அறைக் காற்றைத் திரும்ப மேலே எடுத்துச்செல்லும் குழல்) எல்லாம் எங்கே வரும் என்று நீங்கள் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். புரொடக்‌ஷன், மெயின்டனன்ஸ், க்யூஏ (தர உறுதி) மூவரும் அந்த வரைபடத்தில் கையெழுத்துப் போடட்டும். ஒருவர் போட்டால் மற்ற இருவரும் பிறகு துளை போடச் சொல்வார்கள்.

சிலிக்கானிலும் ஏமாறாதீர்கள். டியூபைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால், அது அசிட்டிக் அமிலம் விட்டு இறுகும் வகை, துத்தநாகம் பூசிய தகட்டை அரிக்கும். நியூட்ரல் வகையில், பூஞ்சை பிடிக்காததைக் கேளுங்கள். 8 மில்லிமீட்டர் இடைவெளியைச் சிலிக்கானால் அடைப்பது சீல் செய்வதல்ல, மாட்டிய லட்சணத்தை மறைப்பது.

தண்ணீர் ஊற்றிக் கழுவும் அறைகளில் பேனலை நேராகத் தரையில் நிறுத்தாதீர்கள். அடியில் உள்ள சானலுக்குள் தண்ணீர் போகும், வெளியே வர வழி இருக்காது. சில மாதங்களில் அறை நாறும், மைக்ரோபயாலஜி ஆள் கிருமி வளர்ந்த பிளேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார். அரை அடி கான்கிரீட் திண்டு கட்டி அதன்மேல் நிறுத்துங்கள். எபாக்ஸித் தரையை வளைத்து அந்தத் திண்டின்மேல் ஏற்றிவிடுங்கள். தரை மட்டம் பார்க்காமல் பேனல்காரரை உள்ளே விடாதீர்கள். தரை அரை அங்குலம் ஓடினால் அந்த அரை அங்குலத்தையும் அவர் சிலிக்கானால்தான் அடைப்பார்.

கடைசித் தவணையைப் பிடித்து வையுங்கள். அறை இயங்கும்போது புகை விட்டு ஒவ்வொரு மூட்டையும், ஸ்விட்ச் பாக்ஸையும், கதவுச் சட்டத்தையும் பார்த்த பிறகு கொடுத்தால் போதும். கன்ட்யூட்டின் இரு முனையும் அடைத்திருக்கிறதா என்று சீலிங்குக்கு மேலே ஏறிப் பார்க்க ஒரு ஆளை அனுப்புங்கள், கீழே நின்று "அடைச்சாச்சு சார்" என்பவரை நம்ப வேண்டாம். அப்புறம், அதே லாட்டில் இரண்டு மூன்று பேனலைக் கூடுதலாக வாங்கி வையுங்கள். டிராலி இடித்து ஒன்று நசுங்கும்போது ஆர்ஏஎல் 9002 என்று நிற எண் சொல்லிக் கேட்டாலும், அடுத்த லாட் நிறம் கொஞ்சம் மாறித்தான் வரும். ஆடிட்டருக்கு அந்த ஒரு பேனல் மட்டும்தான் கண்ணில் படும்.