இறந்தவருக்குப் போன "உங்களைக் காணவில்லையே!"

மருந்துக் கடைத் தொடர் ஒன்றுக்கு வாடிக்கையாளர் செய்திகளைத் திட்டமிட்டுத் தரும் வேலையில் இருந்தபோது, கால் சென்டரில் பதிவான அழைப்புகளை மாதம் ஒருமுறை உட்கார்ந்து கேட்பேன். அப்படிக் கேட்டதில் ஒன்று இது. பேசியவர் ஒரு பெரியவர். குரலில் கோபமே இல்லை.

"அவ போய் மூணு மாசம் ஆச்சும்மா. வாரம் தவறாம 'உங்களைக் காணவில்லையே'ன்னு அவ பேர் போட்டு மெசேஜ் வருது. போன வாரம் பத்து பர்சென்ட் தள்ளுபடின்னு வந்துச்சு, இந்த வாரம் பதினஞ்சுன்னு வருது. நான் என்னம்மா பண்ணட்டும்?"

அந்தச் செய்திகள் எந்த வரிசையில் போக வேண்டும் என்று போட்டுக் கொடுத்தவன் நான்.

பில் போடும்போது மொபைல் நம்பர் கேட்கிறார்களே, எல்லாவற்றையும் கோக்கும் நூல் அதுதான். நீங்கள் எந்தக் கிளையில் வாங்கினாலும், ஆப்பில் எதைத் தேடினாலும், அந்தப் பத்து இலக்கம் அத்தனையையும் ஒரே ஆளின் கணக்கில் கொண்டுவந்து சேர்த்துவிடும். சர்க்கரை மாத்திரை 30 வாங்கினால், நாளுக்கு ஒன்று என்று கணக்குப் போட்டு, 25ஆம் நாள் "மாத்திரை தீரப்போகிறது" என்று செய்தி போகும். இதுவரை நல்ல காரியம்தான். பிரஷர் மாத்திரையை நாலு நாள் மறந்துவிட்டு அவதிப்படுகிறவர்கள் எத்தனை பேர்! என் அம்மாவே இந்த நினைவூட்டலை நம்பித்தான் இருக்கிறார்.

சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. 35 நாளாகியும் பில் விழவில்லையென்றால், ஆள் வேறு கடைக்குப் போய்விட்டார் என்று மென்பொருள் முடிவு கட்டும். கைநழுவும் வாடிக்கையாளர் பட்டியலில் பெயர் ஏறும். பதில் வராவிட்டால் தள்ளுபடி கூடும், செய்தியின் குரலில் குழைவும் கூடும். டாக்டர் மருந்தை மாற்றியிருக்கலாம், மகன் வீட்டுக்குப் போயிருக்கலாம், ஆஸ்பத்திரியில் கிடக்கலாம், இறந்தே போயிருக்கலாம். இதற்கெல்லாம் நாங்கள் போட்ட வரிசையில் இடமே வைக்கவில்லை. தெருமுனை மெடிக்கல்காரர் என்றால், வாசலில் பந்தல் போட்டதைப் பார்த்திருப்பார்.

மறுநாள் கால் சென்டர் திரையைப் போய்ப் பார்த்தேன். அழைப்பை முடிக்கும்போது தொடுவதற்கு இருந்தவை நான்கு: 'ஆர்வமில்லை', 'பிறகு அழைக்கவும்', 'தவறான எண்', 'புகார்'. பெரியவரின் அழைப்பை எடுத்த பெண் 'ஆர்வமில்லை'யைத் தொட்டிருந்தார். வேறு எதைத் தொடுவார்? அது போன் அழைப்பை மட்டும்தான் நிறுத்தும். எஸ்.எம்.எஸ். ஒரு மென்பொருளிலிருந்து போகிறது, வாட்ஸ்அப் இன்னொன்றிலிருந்து. போதாததற்கு, அந்த நம்பர் விளம்பரப் பட்டியலிலும் ஏறியிருந்தது. நிறுவனங்கள் தங்களிடமுள்ள நம்பர்களை ஹாஷ் என்ற முறையில் உருமாற்றி ஃபேஸ்புக், கூகுள் போன்ற தளங்களில் ஏற்றும். அங்கே அதே நம்பரில் கணக்கு இருந்தால் பொருந்திவிடும். விளம்பரம் உங்கள் திரைக்கு வந்துவிடும். "நான் பேசுவதைப் போன் ஒட்டுக் கேட்கிறது" என்று என்னிடம் வருத்தப்பட்டவர்களிடம், முந்தைய வாரம் எந்தக் கடையில் நம்பர் சொன்னீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன்.

அந்த அழைப்புக்குப் பிறகு திரையில் 'காலமானார்' என்ற தேர்வைச் சேர்த்தோம். அதைத் தொட்டால் எல்லா வழியும் ஒரே நேரத்தில் மூடும். பதில் இல்லாமல் இரண்டு செய்தி போனால் மூன்றாவது போகாது. மருந்துக்குத் தள்ளுபடியை ஏற்றிக்கொண்டே போவதை அடியோடு எடுத்தோம். விற்பனைப் பிரிவில் முணுமுணுத்தார்கள். நான் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினேன், பேச்சு நின்றது.

வாங்கும் பக்கத்தில் இருப்பவர்கள் அறிய வேண்டியவை சில உண்டு. மொபைல் நம்பர் கொடுத்தால்தான் பில் என்று கடைக்காரர் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே அறிவுறுத்தியிருக்கிறது. "நம்பர் வேண்டாம், பில் மட்டும் போடுங்க" என்று தயங்காமல் சொல்லுங்கள். எஸ்.எம்.எஸ். அனுப்புபவரின் பெயர்க் குறியீடு 'P' என்ற ஆங்கில எழுத்தில் முடிந்தால் அது விளம்பரம். 1909 மூலம் டி.என்.டி. எனும் 'தொந்தரவு வேண்டாம்' பட்டியலில் பதிந்து அதை நிறுத்தலாம். ஆனால் டி.என்.டி. வாட்ஸ்அப்பைத் தொடாது. அதை அங்கேயே தனியாகத் தடுக்க வேண்டும்.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது, அதன் விதிகள் 2025 நவம்பரில். நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம் தந்திருக்கிறார்கள். சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அதே அளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை. இவற்றைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். 14ஆம் பிரிவைப் பற்றித்தான் பேச்சே இல்லை. நாம் இறந்துவிட்டாலோ செயலிழந்துவிட்டாலோ நம் தரவு மீதான உரிமைகளை யார் பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே நியமித்து வைக்க அது வழி செய்கிறது, வங்கிக் கணக்குக்கு நாமினி போடுவதைப் போல.

அந்தப் பிரிவு நடைமுறைக்கு வரும்வரை, வீட்டில் யாராவது தவறிவிட்டால், அவர் நம்பர் கொடுத்திருந்த மருந்துக் கடை, பரிசோதனை நிலையம், ஜவுளிக் கடை ஒவ்வொன்றுக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். "செய்தி அனுப்பாதீர்கள்" என்று மட்டும் எழுதினால் ஒரு வழிதான் அடைபடும். எஸ்.எம்.எஸ்., வாட்ஸ்அப், போன் அழைப்பு, மின்னஞ்சல், விளம்பரப் பட்டியல் என்று ஐந்தையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். நீக்கியதை எழுத்தில் உறுதி செய்யச் சொல்லுங்கள்.